14 பக்கக் குறிப்பும் 2 நிமிட மைக்கும்

கேள்வி: அக்கா, நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. சட்டம் படித்துவிட்டு, டெல்லியில் முதல்முறை எம்.பி. ஒருவரிடம் எட்டு மாதமாக ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். மீனவர் கைது பற்றி அவர் மக்களவையில் பேச வேண்டியிருந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன். காரில் போகும்போது புரட்டிப் பார்த்தவர் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டார்: "1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு கச்சத்தீவைச் சுற்றி மீன்பிடிக்க நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது." எதிரே இருந்து ஒருவர் எழுந்து, "அந்தப் பிரிவில் மீன்பிடிப்பு என்ற சொல்லே கிடையாது" என்றார். எங்கள் எம்.பி. திணறிவிட்டார். வெளியே வந்து, "உன் நோட்டை நம்பித்தானேம்மா எழுந்தேன்" என்று மட்டும் சொன்னார். குறிப்பு எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? நடுநிலையாக எழுதுவதா, கட்சி நிலைப்பாட்டை எழுதுவதா? வெளியுறவு விஷயமெல்லாம் ஒரு எம்.பி. பேசி ஆகப்போவது உண்டா, இல்லை ரேஷன், ரயில் என்று இருந்துவிடலாமா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. — பெயர் வெளியிட வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த வரியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்து எல்லை வகுத்து, 1974 ஜூனில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போய்வந்தது போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. போய்வரலாம், அவ்வளவே. மேடைதோறும் நாம் சொல்லிப் பழகிய "வலை காயப்போடலாம்"கூட அந்த வாசகத்தில் இல்லை. மீன்பிடி உரிமைக்கு ஒரு பிடி வேண்டுமென்றால் அது 6-ஆவது பிரிவில் இருக்கிறது: இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் கடற்பரப்பில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது அது. ஆனால் அதைச் சொன்ன கையோடு 1976 மார்ச் கடிதங்கள் குறுக்கே வந்து நிற்கும். இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட அந்தக் கடிதங்கள், வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் அடுத்தவர் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. அப்போது எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. தமிழக அரசு ஜனவரி 31 அன்றுதான் கலைக்கப்பட்டிருந்தது. அரசியல் மேடையில் இதற்கு மதிப்பு உண்டு, ஒப்பந்த வாசகத்தின் முன்னால் கிடையாது.

அப்படியானால் உங்கள் எம்.பி. கையில் இருந்திருக்க வேண்டிய வரி எது? 1974 ஜூலையில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்திலேயே எழுந்து, மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றில் இரு தரப்பும் இதுவரை அனுபவித்த உரிமைகள் வருங்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று உறுதி சொன்னார். "இந்த அவைக்கு 1974-இல் கொடுத்த வாக்கு 1976-இல் இந்த அவையைக் கேட்டு மாற்றப்பட்டதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், எதிரே இருப்பவருக்குச் சட்டென்று பதில் வந்திருக்காது. அவைக் குறிப்பில் இருப்பதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

இது உங்கள் 14 பக்கத்திலும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்திருக்கும்.

எம்.பி. எப்படிப் படிக்கிறார் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கார், லிஃப்ட், அவை வாசலில் யாரோ தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே நடக்கும் அந்த நாற்பது அடி. கட்சிக்கு எத்தனை இடமோ அதற்கேற்பத்தான் பேச நேரம். மணி அடித்த பிறகு மைக் போய்விடும். அதற்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள், சட்டக் கல்லூரிப் பேராசிரியருக்கு அல்ல. ஒரு பக்கம். எழுத்து 14 அளவுக்குக் குறையக் கூடாது. நாற்பதைத் தாண்டிய கண்ணும் விளக்கு மங்கிய காரும் உங்களுக்குச் சாதகமில்லை. மிச்சம் 13 பக்கத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பின்னால் கோத்து வையுங்கள், அல்லது உங்கள் போனில் வைத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு வெளியே நில்லுங்கள். துறைகளை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த 13 பக்கத்தையும் அவரே கேட்டு வாங்குவார்.

அந்த ஒரு பக்கத்தின் மேல்பாதியில் எதை வைப்பது என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் வழக்கமாகச் சண்டை வரும். நம் வாதத்தை வை என்பார்கள். நான் எதிராளியின் ஆகச்சிறந்த வாதத்தை வைப்பேன். நம் பக்க நியாயம் எம்.பி.க்கு ஏற்கெனவே தெரியும். தொகுதியில் அதைச் சொல்லித்தானே ஜெயித்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது, உட்காருவதற்குள் எங்கிருந்து அடி விழும் என்பது.

மீனவர் விஷயத்தில் அந்த அடி எங்கிருந்து வரும்? ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அக்கரையில் நம் விசைப்படகின் இழுவை மடியை, அதாவது கடலடியை வாரிச் செல்லும் வலையைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்கள். இரவில் வந்து எங்கள் வலையை அறுத்துப் போகிறார்கள் என்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அடுத்த ஆண்டு அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. இதைக் குறிப்பில் எழுதினால் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். எழுதாமல் விட்டால் அவையில் வேறொருவர் அதைச் சொல்வார், உங்கள் எம்.பி. அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுவார்.

அடுத்து, எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்று பாருங்கள். அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் கைது பற்றிப் பேசினால் செய்தி வரும், தொகுதியில் வீடியோ ஓடும்; அதற்கும் தேவை இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்சியிலிருந்து எழுத்தில் ஒன்றைக் கறக்க வேண்டுமென்றால் கேள்விதான் வழி. "மீனவர் பாதுகாப்புக்கு அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?" என்று வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்டால், தூதரக வழியில் தொடர்ந்து வலியுறுத்துகிறோம் என்ற ஒரே பத்தி வந்துசேரும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அதே கேள்வியை மீன்வளத் துறைக்குத் திருப்புங்கள். பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றவென்று 2017-இல் ஒரு திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2,000 படகு இலக்கு. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு பாதி, மாநிலம் 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் கைக்காசு 10. இப்போது கேட்டுப் பாருங்கள்: ஆண்டுவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை படகு ஒப்படைக்கப்பட்டது, ஒதுக்கிய பணத்தில் செலவானது எவ்வளவு, வங்கிக் கடன் நிராகரிக்கப்பட்டவை எத்தனை, திருப்பிக் கொடுத்த பழைய படகுகள் எத்தனை. ஐந்துக்கும் எண்ணில்தான் பதில் வர முடியும். வெளிநாட்டு விவகாரம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பதில் பாதி இப்படி உள்நாட்டு அலுவலகத்து அலமாரியில் கிடக்கிறது.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கவென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு துரத்துங்கள்.

வாய்மொழிப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்வி என்றால் வேலை இன்னும் ருசியானது. குறைந்தது 15 நாள் முன்பே கொடுத்து, குலுக்கலில் அடித்து, அன்றைய 20-இல் ஒன்றாக வந்து, அதிலும் முதல் ஐந்தாறுக்குள் இருந்தால்தான் வாய்மொழிப் பதில். எழுத்துப் பதில் கேள்வி நேரத்துக்குச் சற்று முன்பு கையில் கிடைக்கும். அந்த அரைமணி, ஒருமணி நேரம்தான் உங்கள் உண்மையான பரீட்சை. கேட்டதில் எதை அமைச்சகம் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஐந்து ஆண்டு கேட்டால் மூன்று ஆண்டு கொடுத்திருப்பார்கள். மாவட்டவாரியாகக் கேட்டால் மாநிலக் கணக்கு வந்திருக்கும். கேட்ட உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்வி உண்டு. முதலாவது, அந்த விடுபட்ட ஓட்டைக்குள் போக வேண்டும். இரண்டாவதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள். அமைச்சர் என்ன சொல்கிறாரோ அதிலிருந்து எம்.பி.யே பிடிக்கட்டும், அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்பதை உதவியாளர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

நடுநிலையா, கட்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டுப் பேசலாம். அமெரிக்காவில் 1914-இல் ஒரு சின்ன நூலகப் பிரிவாகத் தொடங்கியது இன்று காங்கிரஸ் ஆய்வுச் சேவை. இரு கட்சிக்கும் ஒரே குறிப்பு. இதைச் செய், அதைச் செய்யாதே என்று பரிந்துரைக்கவே மாட்டார்கள். வழிகள் இவை, ஒவ்வொன்றின் விளைவு இது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பல காலம் அந்த அறிக்கைகள் உறுப்பினர்களுக்கு மட்டுமே. 2018 சட்டத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் திறந்தார்கள். லண்டனில் மக்களவை நூலகம் 1818-லிருந்து இருக்கிறது. விவாதத்துக்கு முன்பு அவர்கள் வெளியிடும் குறிப்புகளை யாரும் இறக்கிப் படிக்கலாம், நீங்களும் படியுங்கள். உள்ளடக்கத்துக்காக இல்லாவிட்டாலும், ஒரு பத்தியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கற்றுக்கொள்ளலாம். நம் நாடாளுமன்ற நூலகத்திலும் குறிப்புதவிப் பிரிவு இருக்கிறது. எம்.பி. கையெழுத்தோடு ஒரு சீட்டு அனுப்பினால் பழைய விவாதம், குழு அறிக்கை, புள்ளிவிவரம் எல்லாம் எடுத்துத் தருவார்கள். உங்களைப் போன்ற இளைஞர்கள் கூகுளில் மூன்று ராத்திரி தேடுவதை அங்கே ஒரு பகலில் எடுத்துவிடலாம். எட்டு மாதத்தில் எத்தனை முறை போனீர்கள்? நான் கேட்காமலே பதில் தெரிகிறது.

ஆனால் நீங்கள் அந்த நூலகத்து ஊழியர் அல்ல. ஒரு எம்.பி.யின் உதவியாளர். அவருக்கு ஒரு கட்சி, ஒரு கொறடா. 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அவர் எப்படி வாக்களிப்பார் என்பதை உங்கள் குறிப்பு மாற்றப்போவதில்லை. ஆகவே நான் கடைப்பிடித்த வழக்கம் இது: பக்கத்தின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பதை எதிர்க்கட்சி எம்.பி.யிடம் கொடுத்தாலும் அவர் ஒரு சொல்லையும் மறுக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே நம் கட்சி என்ன சொல்கிறது, எம்.பி. எதைக் கேட்கலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது. கோட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள். 5-ஆவது பிரிவு பற்றிய உங்கள் வரி கீழே இருந்து மேலே ஏறிவிட்ட வரி.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, துறைகளுக்கான பணத்தை அவை ஒப்புக்கொள்ளும் மானியக் கோரிக்கை விவாதம். ஒரு திட்டத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். எண் இரண்டும் சரி. ஆண்டின் நடுவே மாற்றி எழுதப்படும் திருத்திய மதிப்பீட்டுப் பத்தியை மட்டும் பார்க்கவில்லை. போன ஆண்டு கொடுத்ததில் பாதிகூடச் செலவாகவில்லை, அதிலும் எங்கள் மாநிலமே செலவழிக்காத பட்டியலில் இருந்தது. அமைச்சர் அதைச் சிரித்துக்கொண்டே படித்தார். அவை முடிந்து எங்கள் எம்.பி. என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவிருந்திருக்காது. அன்றிலிருந்து மூன்று பத்தியையும் பார்க்காமல் பட்ஜெட் எண் எதையும் நான் எழுதியதில்லை: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. ஒன்றை இன்னொன்றோடு கலந்து ஒப்பிடுவதைப் போலச் சுலபமான பொய் வேறில்லை. பல நேரம் அது பொய் என்று எழுதியவருக்கே தெரியாது.

மசோதா வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். நோக்கங்களும் காரணங்களும் என்ற அறிக்கை, நிதிக் குறிப்பு, அதிகார ஒப்படைப்புக் குறிப்பு மூன்றும் பின்னால்தான் இருக்கும். அந்த மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. "விதிகளில் குறிப்பிடப்படும்" என்று எத்தனை விஷயம் நாடாளுமன்றத்துக்கு வெளியே அதிகாரிகளிடம் போகிறது என்று அதில் வரிசையாக இருக்கும். திருத்த மசோதா என்றால் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். "3-ஆம் பிரிவில் 'அல்லது' என்பதற்குப் பதில் 'மற்றும்' என்று" இருக்கும் ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் ஓய்வூதியம் போய்விடும்.

வெளியுறவில் எம்.பி. பேசி என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: அதிகாரம் குறைவுதான். நம் அரசமைப்பில் ஒப்பந்தம் போடுவது ஆட்சியின் வேலை. கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் 253-ஆவது பிரிவின்படி வருவார்கள். நிலத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் வேறு. மேற்கு வங்கத்துப் பெருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-இல் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. வங்கதேச எல்லை ஒப்பந்தத்துக்காக 2015-இல் 100-ஆவது திருத்தம் வந்தது அதனால்தான். கச்சத்தீவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், அது யாருடையது என்பதே தகராறில் இருந்தது, எனவே விட்டுக்கொடுக்கவில்லை, எல்லைதான் வகுத்தோம் என்பது மத்திய அரசு நீதிமன்றத்தில் சொல்லும் நிலை. இந்த நான்கு வரி தெரியாமல் கச்சத்தீவு பேசும் எம்.பி.க்கள் இரு தரப்பிலும் உண்டு.

ஆனால் குழு இருக்கிறது. 24 துறைசார் நிலைக்குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர்; வெளியுறவுக்கு ஒன்று. அங்கே கேமரா கிடையாது, கொறடா கிடையாது. செயலரை எதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்கலாம். அவையில் கத்துபவர்கள் அங்கே நிதானமாகப் பேசுவதை நீங்களே பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பார்க்கவும் முடியாது, உதவியாளருக்கு உள்ளே இடமில்லை. ஒரு எச்சரிக்கை: அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை குழுவுக்கு வந்த தாள்கள் ரகசியம். எம்.பி. மேஜையில் கிடக்கிறதே என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். வேலை போவது சின்ன விஷயம், அவருக்கு உரிமை மீறல் நோட்டீஸ் வரும்.

ஒற்றை எம்.பி.யால் முடிந்ததற்கு உள்நாட்டுச் சான்று ஒன்றும் சொல்கிறேன், ஊர்க்காரர் என்பதால் சொல்லவில்லை. திருநங்கையர் உள்ளிட்ட திருநர் உரிமைகளுக்காகத் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா, அமைச்சர் அல்லாத உறுப்பினராகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா சட்டமானது கடைசியாக 1970-இல். இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர நேர்ந்தது. 2019-இல் வந்த சட்டத்தில் திருநர்களுக்கே பல குறைகள் உண்டு, அது தனிக்கதை.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் எம்.பி. தமிழில் யோசிப்பவர் என்றால் குறிப்பும் தமிழில் இருக்கட்டும். ஒப்பந்த வாசகம், சட்டப் பிரிவு, இவற்றை மட்டும் மூல ஆங்கிலத்தில் உள்ளபடியே பக்கத்தில் கொடுங்கள். அங்கே மொழிபெயர்த்தால் "போய்வரலாம்" என்பது "மீன்பிடிக்கலாம்" ஆகிவிடும். அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பது என் சந்தேகம். அவையில் தமிழில் பேசுவதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, எண்களும் பெயர்களும் உள்ள தாளின் நகலைக் கொடுத்துவிடுங்கள். கோடி லட்சமாகப் போய்ச் சேர்வதைக் காதால் கேட்டவள் நான்.

வேலையை விடுவது பற்றி: "உன் நோட்டை நம்பித்தானேம்மா எழுந்தேன்" என்று சொன்னாரே, அதை நீங்கள் திட்டு என்று எடுத்துக்கொண்டீர்கள். நம்பாதவர் அப்படிச் சொல்ல மாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அடுத்த கூட்டத்தொடருக்குள் நூலகத்தில் 1974 ஜூலை விவாதத் தொகுதியை வாங்கி ஸ்வரண் சிங் அறிக்கையை முழுதாகப் படியுங்கள். அவருக்குப் பதில் சொன்ன தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பேச்சையும் விடாதீர்கள். மீன்வளத் துறைக்கான கேள்வியை 150 சொல்லுக்குள் எழுதுங்கள், அதற்கு மேல் ஏற்க மாட்டார்கள். அந்தக் கேள்வியையும் கோடு போட்ட ஒரு பக்கக் குறிப்பையும் எம்.பி. பெயரை எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மையில் திருத்தித் திருப்புகிறேன்.